ஒரு தீர்ப்பின் நினைவு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த ஒரு பெண்ணும்

இந்தக் குறிப்பு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமம் ஒன்றில் 2023 ஜனவரியில் நடந்ததைப் பற்றியது. கருக்கலைப்பு உரிமை பற்றிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் ஐம்பதாவது ஆண்டை நினைவுகூர அந்த ஊர் மாதர் சங்கம் கூட்டம் வைத்தது. கூட்டம் முடிந்த கையோடு ஒரு தாய் கேட்ட கேள்வியால் அவருடைய மகள் அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருத்தி. தாயும் மகளும் இதை எழுதச் சம்மதித்தார்கள். எழுதியதை அவர்களுக்கு வாசித்தும் காட்டினோம். ஊர், பெயர் எதுவும் இங்கே இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

பின்னணி

சங்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயல் கூலிக்குப் போகிறவர்கள், மாடு வளர்ப்பவர்கள், புருஷன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க வீட்டைத் தனியே கொண்டு நடத்துகிறவர்கள். மாதம் ஒருமுறை சேமிப்புக் காசு கட்டக் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஏதாவது ஒரு விஷயத்தைப் பேசுவது வழக்கம்: நுண்கடன், காணி உறுதி, குடும்ப வன்முறை, டெங்கு.

2023 ஜனவரி 22 ஞாயிற்றுக்கிழமை. 1973இல் அதே தேதியில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ எதிர் வேட் வழக்கில் தீர்ப்பளித்தது. டெக்சஸ் மாநிலத்தில் ஒரு பெண் தொடுத்த வழக்கு. ஏழு நீதியரசர்கள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். தீர்ப்பை எழுதியவர் ஹரி பிளாக்மன். கர்ப்பத்தைத் தொடர்வதா இல்லையா என்ற முடிவு பெண்ணின் தனிப்பட்ட உரிமைக்குள் வரும் என்று அந்த நாட்டு அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தத்தை வைத்துச் சொன்னார்கள். வழக்குப் போட்ட பெண்ணுக்கு அதனால் நேரடிப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. தீர்ப்பு வர முன்பே அவர் அந்தப் பிள்ளையைப் பெற்றுவிட்டார்.

சங்கத்தில் ஒரு பட்டதாரிப் பிள்ளை இதைப் படித்துவிட்டு, ஐம்பதாவது ஆண்டை வைத்துப் பேசுவோம் என்று டிசம்பரிலேயே கேட்டிருந்தார். பெண்கள் இந்த விஷயத்தைப் பேச ஒரு நாள் வேண்டும், தேதி ஒன்று கிடைத்தால் பேச்சைத் தொடங்குவது சுலபம் என்பது அவருடைய எண்ணம். சரி, பேசலாம் என்று முடிவானது.

உடனே ஒரு சிக்கலும் வந்தது. அந்தத் தீர்ப்பு அப்போது உயிரோடு இல்லை. 2022 ஜூன் 24இல் அதே உச்ச நீதிமன்றம், மிசிசிப்பி மாநிலத்தில் இருந்து வந்த டொப்ஸ் வழக்கில் ரோ தீர்ப்பை ரத்துச் செய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. “இல்லாமப் போன தீர்ப்புக்கு நாம ஏன் விழா எடுக்கணும்?” என்று சங்கத் தலைவி கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஆயத்தம் முழுவதும் அதைச் சுற்றித்தான் நடந்தது.

இலங்கைச் சட்டம் நிற்கிற இடம்

கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்ட சட்டத்தரணி முன்கூட்டியே எங்களோடு ஒரு மாலை இருந்து சட்டத்தை விளக்கினார். பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள இது தேவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்முடைய தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினுடையது. அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு நல்லெண்ணத்தில் செய்தால் தவிர, கருவைக் கலைப்பது குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு ஆண்டு வரை. தனக்குத் தானே செய்துகொள்ளும் பெண்ணும் அந்தப் பிரிவுக்குள் வருவார். வன்புணர்ச்சியால் உண்டான கர்ப்பத்துக்கு விலக்கு இல்லை. சொந்தக் குடும்பத்துக்குள்ளே கெடுக்கப்பட்ட பிள்ளைக்கும் இல்லை. பிறந்தாலும் உயிர்வாழ முடியாத குறைபாடு கருவில் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தாலும் இல்லை.

இதை எழுதியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1860இல் இந்தியாவுக்கு அவர்கள் செய்த சட்டத்தைப் பார்த்து எழுதியது. பிரிட்டன் தன்னுடைய சட்டத்தை 1967இல் தளர்த்திவிட்டது. இந்தியா 1971இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது, 2021இல் அதைத் திருத்தியது. 2022 செப்டம்பர் 29இல் இந்திய உச்ச நீதிமன்றம், கலியாணம் கட்டாத பெண்ணுக்கும் அந்தச் சட்டத்தில் அதே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நாம் மட்டும் 1883இலேயே நிற்கிறோம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் பெரிய திருத்தங்கள் வந்தபோது கருக்கலைப்பைத் தளர்த்தும் பகுதி பாராளுமன்றத்தில் கைவிடப்பட்டது. 2017இல் மறுபடி ஒரு முயற்சி நடந்தது. மத அமைப்புகளின் எதிர்ப்போடு அதுவும் கிடப்பில் போனது.

அப்படியென்றால் இங்கேயும் யாராவது வழக்குப் போட்டு ரோ மாதிரி ஒரு தீர்ப்பு வாங்கலாமே என்று பட்டதாரிப் பிள்ளை கேட்டார். சட்டத்தரணி சொன்ன பதில் எங்கள் எல்லோருக்கும் புதிது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. 80ஆம் உறுப்புரைப்படி, பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. 303ஆம் பிரிவைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் நம்முடைய உச்ச நீதிமன்றத்துக்கே இல்லை. மாற்றம் வருவதென்றால் பாராளுமன்றத்தின் வழியாகத்தான் வரவேண்டும்.

அதே மாலையில் அவர் இன்னொன்றையும் சொன்னார். கரு தானாகக் கலைவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. கலைந்த பிறகு சிகிச்சைக்குப் போவதும் குற்றம் இல்லை, சிகிச்சை கொடுப்பதும் குற்றம் இல்லை. எப்படிக் கலைந்திருந்தாலும் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் வழிகாட்டலிலேயே இருக்கிறது. நாங்கள் இதை நிகழ்ச்சியின் கடைசியில் ஐந்து நிமிடத்தில் சொல்லலாம் என்று வைத்திருந்தோம். குடும்பநல மாது, எங்கள் வாயில் மிட்வைஃப் அக்கா, அதை நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னார். “இந்தப் பக்கத்துல பொம்பளயள் வீட்டுக்குள்ள கிடந்து வருந்துறதுக்கு அதான் காரணம்” என்றார்.

கூட்டத்துக்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, எந்தத் தீர்ப்பை முன்வைப்பது என்பது. ரோவையும் டொப்ஸையும் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, நேபாளத்து லக்ஷ்மி திக்தா வழக்கைப் பிரதானமாகப் பேசத் தீர்மானித்தோம். நேபாளத்தின் தூர மேற்கில் ஒரு ஏழை விவசாயக் குடும்பம். ஐந்து பிள்ளைகள் இருக்க ஆறாவது கர்ப்பம். 2002இலேயே நேபாளம் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிவிட்டது. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் 1,130 நேபாள ரூபாய் கேட்டார்கள். அந்தக் காசு இல்லாததால் அவர் பிள்ளையைப் பெற்றார். 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், காசில்லாததால் கைக்கு எட்டாத உரிமை உரிமை ஆகாது, ஏழைகளுக்கும் அந்தச் சேவை கிடைக்க வழிசெய்வது அரசாங்கத்தின் கடமை, அதற்கென்று தனிச் சட்டமும் வேண்டும் என்று சொன்னது. 2009 என்றால் நமக்கு வேறு நினைவுகள்தான் வரும். அந்த வருடத்தில் பக்கத்து நாடொன்றின் நீதிமன்றம் ஓர் ஏழைப் பெண்ணுக்காக இப்படி எழுதியது என்பது என்னை இன்றும் தொடுகிறது.

நேபாளத்தைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காசு இல்லாமல் திரும்பி வருவது என்றால் என்ன என்று எங்கள் உறுப்பினர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் இந்த நாடு பட்ட பாடு அப்போதும் தீர்ந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்துக்குத் துண்டு எழுதி வெளியே வாங்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது, மேடை. உள்ளூராட்சித் தேர்தல் மார்ச்சில் என்று அறிவித்து, அந்த வாரம்தான் வேட்புமனு எடுத்து முடித்திருந்தார்கள். (பிறகு அந்த வருடம் அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை.) வேட்பாளர் ஒருவர் வந்து பேசக் கேட்டார், கதிரைகளும் தருவதாகச் சொன்னார். சங்கம் மறுத்தது. ஆண் வேட்பாளர் முன்னால் இருந்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். பாய் விரித்து இருந்துகொண்டோம்.

மூன்றாவது முடிவுக்கு நேரம் அதிகம் எடுத்தது. சங்கத்தின் பொருளாளர் கத்தோலிக்கர். கருக்கலைப்பை அவர் ஏற்பதில்லை, அதைச் சங்கத்தின் பெயரில் ஆதரிப்பதிலும் உடன்பாடு இல்லை. விலகட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவரை உட்காரவைத்துப் பேசினோம். “நான் இத ஒத்துக்க மாட்டன். ஆனா ஒரு பொம்பள வைத்தியம் இல்லாமச் சாகுறதையும் பாத்துக்கிட்டு இருக்க மாட்டன்” என்றார். அதனால் கூட்டத்தில் தீர்மானம் எதுவும் நிறைவேற்றுவதில்லை, விளக்கமும் கேள்வியும் மட்டும் என்று ஒத்துக்கொண்டோம். படம் எடுப்பதில்லை, வரவு இடாப்பில் கூட்டத்தின் தலைப்பை எழுதுவதில்லை என்பதும் அன்று முடிவானவை.

கூட்டத்தில்

பல்தேவைக் கட்டடத்தில் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினோம். மழை விட்டு விட்டுப் பெய்ததால் கொஞ்சப் பேர் பிந்தித்தான் வந்தார்கள். முதல் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. ரோ, டொப்ஸ் எல்லாம் மரியாதைக்குக் கேட்ட மாதிரித்தான் இருந்தது. நேபாளத்துப் பெண்ணின் கதை வந்ததும் ஒருவர் “ஆறாவது புள்ளைக்கு என்ன வயசு இப்ப?” என்று கேட்டார். அதற்குப் பிறகு கேள்விகள் வரத் தொடங்கின.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை கெடுக்கப்பட்டு முழுகாமல் இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அந்த வயதில் பிள்ளையின் சம்மதம் சட்டத்தில் செல்லாது, செய்தவன் மேல் வன்புணர்ச்சி வழக்கு வரும், ஆனால் அந்தக் கர்ப்பத்தைக் கலைக்க இலங்கையில் அனுமதி இல்லை என்று சட்டத்தரணி சொன்னார். கட்டடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு. பொருளாளர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். 1929 சிறுவர் உதவி இலக்கத்தையும் 1938 பெண்கள் உதவி இலக்கத்தையும் கரும்பலகையில் எழுதினோம்.

பிறகு குடும்பநல மாது எழுந்தார். அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைகின்றன, அதில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள், பெரும்பாலும் கரு சரியாக உருவாகாததால் என்றார். சுமை தூக்கியதாலோ பேய் பிடித்ததாலோ மாமியார் சாபத்தாலோ வருவதில்லை என்றும் சொன்னார். கலைந்த பிறகு மிச்சம் உள்ளே தங்கினால் இரத்தப்போக்கு நிற்காது, கிருமி தொற்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். அயர்லாந்தில் 2012இல் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் வைத்தியர் கிருமி தொற்றித்தான் இறந்தார். கரு கலையத் தொடங்கியிருந்தும், சட்டத்துக்குப் பயந்து வைத்தியம் தாமதித்தது. 2018இல் அந்த நாட்டு மக்கள் வாக்களித்து அரசியலமைப்பையே மாற்றினார்கள்.

அப்புறம் அடையாளங்களைச் சொன்னார். காய்ச்சல், கெட்ட மணம், அடிவயிற்று நோ, தலைச்சுற்று. இரத்தப்போக்கைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வது, மணிக்கு இரண்டு பாட் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால் உடனே போக வேண்டும் என்பது. ஆனால் பாட் விலை ஏறியதால் அப்போது பலர் பழையபடி துணிக்குத் திரும்பியிருந்தார்கள். மிட்வைஃப் அக்கா ஒரு பழைய சாரித் துண்டைக் கொண்டுவந்து, நாலாக மடித்து, வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டினார். “இப்பிடி நனஞ்சி, பிழிஞ்சா சொட்டுதென்டா, அரமணித்தியாலத்துக்கு ஒருக்கா இப்பிடி மாத்துறீங்கென்டா, விடியும் வரை பாத்துக்கிட்டு இருக்க வேணாம்.” அன்று சொன்னவற்றுள் ஊர் நினைவில் நின்றது இதுதான். மாதங்கள் கழித்தும் பெண்கள் அந்தத் துணியைப் பற்றிப் பேசினார்கள்.

சட்டத்தரணி மறுபடி எழுந்து, சிகிச்சைக்குப் போவது குற்றம் இல்லை என்பதை இரண்டு முறை சொன்னார். யாராவது வாக்குமூலம் கேட்டால் கையெழுத்து வைக்கமுன் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம், காசு கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

கூட்டம் முடிந்த பிறகு

பிளேன்டி குடித்துக் கலையும் நேரம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் போகாமல் பாய்களைச் சுருட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் போனதும் குடும்பநல மாதுவிடம் வந்தார்.

“மிஸி, தானாக் கலஞ்சி போனாலும் பொலிஸ் வராதுதானே?”

குடும்பநல மாது அந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்லவில்லை. “இப்ப எங்க இருக்கிறா அவ?” என்று கேட்டார். அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

மகளுக்கு இருபத்தைந்தைத் தாண்டிய வயது. ஒரு பிள்ளை இருக்கிறது. புருஷன் சில வாரங்களுக்கு முன் கட்டாருக்குப் போயிருந்தார். அவர் போன பிறகுதான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. கிளினிக்கில் இன்னும் பதியவில்லை. நாலைந்து நாளாக இரத்தப்போக்கு. முந்தின இரவிலிருந்து காய்ச்சல். “அவர் இல்லாத நேரம். ஊர் என்ன சொல்லும், ஆஸ்பத்திரியில என்ன கேப்பாங்க, பொலிசுக்குச் சொன்னா மருமகன் என்ன நினைப்பார்” என்று தாயும் மகளும் இருவருமே பயந்திருக்கிறார்கள். வேறொரு ஊரில் கரு கலைந்து ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணை விசாரித்தார்கள் என்ற கதையும் அவர்கள் காதில் விழுந்திருந்தது. அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நாலைந்து நாள் ஒருவரை வீட்டுக்குள் கிடத்திவைக்க அந்தக் கதையே போதுமாக இருந்தது.

நாங்கள் வீட்டுக்குப் போனோம். அறைக்குள் சிமெந்துத் தரையில் பாய், பக்கத்தில் மூடிய வாளி. குடும்பநல மாது கையைத் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். காலையிலிருந்து எத்தனை துணி மாற்றினாய், மணம் இருக்கிறதா, எழும்பினால் தலை சுற்றுகிறதா என்று மட்டும் கேட்டார். எப்படிக் கலைந்தது என்று கேட்கவில்லை. பிறகு ஏன் என்று நான் கேட்டபோது, “என்ன பதில் சொன்னாலும் நான் செய்யப்போறது ஒண்டுதான். அப்ப ஏன் கேக்கணும்?” என்றார். இந்தக் குறிப்பிலும் அந்த விவரம் இல்லை. எங்களுக்குத் தெரியவும் தேவையில்லை.

எப்படிக் கொண்டுபோவது என்பதில் ஒரு இழுபறி. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், இலவசம், உள்ளே பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். குடும்பநல மாது அதைத்தான் சொன்னார். மகள் மாட்டேன் என்றார்; அம்புலன்ஸ் வந்தால் ஊர் முழுக்கப் படலையில் நிற்கும். வற்புறுத்தினால் போகாமலே இருந்துவிடுவார் என்று பட்டது. நாடி வேகமாக இருந்தாலும் மயக்கம் இல்லை, பேச்சுத் தெளிவு. அதனால் ஓட்டோவில் போவது, குடும்பநல மாது கூட வருவது, வழியில் மயங்கினாலோ இரத்தம் கூடினாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி 1990க்கு அழைப்பது என்று ஒத்துக்கொள்ள வைத்தோம். அம்புலன்ஸ்தான் சரியான வழி என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் முன்னால் இருந்தது ஓட்டோவா அம்புலன்ஸா என்ற கேள்வி இல்லை, போவதா போகாமல் விடுவதா என்பதுதான்.

அப்போது பெற்றோல் கியூ.ஆர். அட்டைக்கு வாரப் பங்காகத்தான் கிடைத்தது; முதல் கேட்ட ஓட்டோவுக்கு அந்த வாரப் பங்கு முடிந்திருந்தது. பொருளாளர் தன் தம்பியின் ஓட்டோவை அனுப்பினார். என்ன ஏது என்று தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருளாளரே வந்து அந்த மகளின் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில்

இருட்டும் நேரம் பாலம் கடந்து ஒரு அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கர்ப்பத்தின் மிச்சம் உள்ளே தங்கி, கிருமித் தொற்று ஆரம்பித்திருந்தது. இரத்தம் குறைந்திருந்தது. அன்றிரவே நாளத்தின் வழியே அன்டிபயட்டிக் தொடங்கி, இரத்தம் ஏற்றி, கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டொக்டர் தாயிடம் சொன்னாராம்.

அங்கே நடந்த இரண்டு விஷயங்களை எழுத வேண்டும். அனுமதிக்கும் இடத்தில், வரிசையில் நின்ற ஆட்களுக்குக் கேட்க, “ஏதும் குளிசை போட்டியா? ஆரு தந்தது?” என்று ஒருவர் கேட்டார். மகள் திரும்பி நடக்கத் தொடங்கினார். குடும்பநல மாது தோளில் கைவைத்து நிறுத்தியிருக்காவிட்டால் போயிருப்பார். பிறகு வார்ட்டில் ஒரு பெண் டொக்டர் திரையை இழுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் இருந்து, அதே விஷயத்தைக் கேட்டார். “என்ன மருந்து உள்ள போயிருக்கென்டு தெரிஞ்சாத்தான் நான் சரியான மருந்து தரலாம். இது உங்களுக்கும் எனக்கும் இடையில.” கேட்டது ஒன்றேதான். முன்னையதைக் கேட்டு ஓடப் பார்த்தவர் பின்னையதற்குப் பதில் சொன்னார். சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், இந்தப் பந்தியை மட்டுமாவது இன்னொருமுறை வாசிக்கும்படி கேட்கிறேன். சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் வேண்டும். திரையை இழுத்துவிட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பொலிஸ் வரவில்லை. வைத்தியசாலையில் இருந்த நாட்களில் யாரும் வாக்குமூலம் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டு, இரும்புச்சத்துக் குளிசையோடு வீட்டுக்கு வந்தார்.

பின் வந்தவை

கணவரிடம் மகள் தானே தொலைபேசியில் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி, இப்போது சாப்பிட முடிகிறதா என்பதாம். தாய் இதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த ஆறுதலை என்னால் எழுத முடியாது. எல்லாக் குடும்பத்திலும் இப்படி இருக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஊரில் கதை பரவாமல் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் அதை வேறுமாதிரிக் கொண்டுபோனார்கள். “கலைஞ்சது, ஆஸ்பத்திரிக்குப் போனா, சுகமா வந்தா” என்ற அளவில் அது நின்றது. அதன் பிறகு வந்த மாதங்களில் இரத்தப்போக்கோடு இன்னும் சிலர் குடும்பநல மாதுவிடம் நேரே வந்தார்கள். அவர்களில் ஒருவர் சங்கத்தில் உறுப்பினரே இல்லை. பக்கத்து ஊரில் இருந்து, துணி நனைத்துக் காட்டிய கதையைக் கேள்விப்பட்டு வந்தவர்.

எதிர்ப்பும் வந்தது. பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் சங்கத் தலைவியிடம் குறைப்பட்டார். தலைவி கூட்டத்தில் பேசியது என்ன என்று ஒன்றும் விடாமல் சொன்னார். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவருடைய மனைவி வந்திருந்தார்.

அடுத்த முறைக்கு மாற்றியவை

தீர்ப்பு நாளை இப்போதும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ரத்தான தீர்ப்பை ஏன் நினைக்க வேண்டும் என்ற தலைவியின் கேள்விக்கு, அந்தத் தீர்ப்பின் கதையிலேயே ஒரு பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: தீர்ப்பைச் சட்டமாக்கி நிறுத்த அந்த நாட்டுப் பாராளுமன்றத்தால் முடியவில்லை. நம்மிடம் தீர்ப்புக்கே வழியில்லை என்பதால், நாம் தொடக்கத்திலிருந்தே சட்டத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இதைக் கூட்டத்தில் சொல்கிறோம்.

நிகழ்ச்சி நிரலில் ஒழுங்கு மாறிவிட்டது. குடும்பநல மாது முதலில் பேசுகிறார், தீர்ப்புகள் பிறகு. கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் கட்டடத்தைப் பூட்டாமல் வைத்திருக்கிறோம். குடும்பநல மாதுவும் சட்டத்தரணியும் தனித்தனி மூலையில் இருப்பார்கள். எல்லோர் முன்னாலும் கேட்க முடியாததைக் கேட்கவே பாதிப் பேர் வருகிறார்கள் என்பது அந்தத் தாயைப் பார்த்த பிறகு தெரிந்துவிட்டது. வெளிநாட்டில் புருஷன் இருக்கும் வீடுகளுக்குக் குடும்பநல மாது போகும்போது எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். ஓட்டோக்காரர் இருவரிடம் 1990 எப்போது தேவை, வழியில் என்ன செய்வது என்று பேசி வைத்திருக்கிறோம். ஆண்களோடு தனியாக ஒரு கூட்டம் வைக்கவேண்டும் என்ற யோசனை இருக்கிறது. அதை யார் நடத்துவது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.

அந்த வருடமே இரண்டு கடிதங்கள் எழுதினோம். ஒன்று மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு: வன்புணர்ச்சி, குடும்பத்துக்குள் நடக்கும் துஷ்பிரயோகம், பதினாறு வயதுக்குக் கீழான கர்ப்பம், உயிர்வாழ முடியாத கரு ஆகியவற்றுக்காவது 303ஆம் பிரிவில் விலக்கு வேண்டும் என்று. மற்றது சுகாதாரத் துறைக்கு: கரு கலைந்தவர்களை அனுமதிக்கும் இடத்தில் தனிமையும், சிகிச்சைக்கு வருவது குற்றமில்லை என்ற தமிழ் அறிவித்தலும் வேண்டும் என்று. பொருளாளர் முதல் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை. இரண்டாவதைத் தன் கையாலேயே எழுதினார். அதற்குப் பதில் வந்தது: கிளினிக் நாட்களில் குடும்பநல மாது அதைப் பேசலாம், அறிவித்தலும் ஒட்டலாம் என்று. முதலாவதற்கு இன்னும் பதில் இல்லை. ஒவ்வொரு ஜனவரியும் அதன் பிரதியை மறுபடி அனுப்புகிறோம்.